கீறல் விழாத மணிக்கூடு

மச்சான்,

இன்று காலை தண்ணீர் மெசினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும்போது மணிக்கட்டு இரும்பில் அடிபட்டது. டக்கென்று சத்தம். கை நொந்தது பெரிதில்லை. நீ தந்த மணிக்கூட்டைப் பார்க்கத்தான் பயம். வரம்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

நீ கடைசியாக ஊருக்கு, ஸ்கந்தபுரத்துக்கு, வந்தபோது உன் கையிலிருந்து கழற்றி என் கையில் கட்டிவிட்டாய். கறுப்பு நிறம், பிஸ்கட்டை விட மெல்லிசு. சுவிஸ் பட்டறையில் நீயே மினுக்கியது. இருபது வருட வேலைக்காக முதலாளி தந்தது. இது பீங்கானால் செய்தது என்று நீ சொன்னதும் சிரித்தேன். எங்கள் வீட்டில் கோப்பைகள் படும் பாடு உனக்குத் தெரியும்.

"கீறாது மச்சான், அடிபட்டால்தான் வெடிக்கும் எண்டுறாங்கள். வாங்கிற ஆக்கள் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கினம். வேலை செய்யிற கையில இது நிண்டு பிடிக்குமோ எண்டு எனக்கே தெரியாது. நீ கட்டிப்போட்டுச் சொல்லு" என்றாய்.

இரண்டு நாள்தான் கட்டினேன். மண்வெட்டியை மற்றக் கையால் மட்டும் பிடித்துக் கொத்தினேன். "இந்தப் பயத்தோட ஏனப்பா கட்டுறியள்? கழட்டி வையுங்கோ" என்றாள் மனைவி. அவளுடைய கூறைச் சேலைக்கு அடியில், அலுமாரிக்குள் வைத்தேன்.

ஞாயிறுதோறும் போனில் கேட்பாய். "கீறல் விழுந்ததோ?"

"ஒண்டும் இல்லை மச்சான்."

சேலைக்கடியில் கிடப்பதில் எப்படிக் கீறல் விழும்? ஆஸ்பத்திரியில் கிடந்தும் கேட்டாய்.

"மூண்டு போகமாக் கட்டுறாய், என்ன?"

"ஓம்."

"அப்ப நாங்கள் நல்லாத்தான் செய்திருக்கிறம்."

அதன் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. உன் செத்தவீட்டைப் போனில் பார்த்துவிட்டு எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தேன். அன்றிலிருந்து கழற்றவில்லை. இது வெடித்தால், கண் மூடும்போது நீ நம்பியது பொய்யாகிவிடும். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

கடைசியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு. சாரத்து நுனியை நனைத்துத் தேய்த்தேன். கோடு துணியோடு வந்தது. இரும்புதான் தேய்ந்திருக்கிறது, உன் பீங்கான் இல்லை.

மூன்று போகமா என்று நீ கேட்டதற்கு ஓம் என்றேன். மழைக்காலத்துக் காலபோகம் ஒன்று முடிந்துவிட்டது. இது கோடையில் வரும் சிறுபோகம். இன்னும் ஒரு காலபோகம் மணிக்கூடு இந்தக் கையோடு சேற்றில் இறங்கி ஏறிவிட்டால், நான் உனக்குப் பொய் சொல்லாதவன் ஆவேன்.