பூவரசங் கொப்பில் ஒரு சேட்டு

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
18.3.1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். சுவிஸ் குளிர் உங்களைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய பச்சைக் குடை கிடைத்தது. மழை எங்கே என்று கேட்காதீர்கள், வெயிலுக்குத்தான் பிடிக்கிறேன்.

அங்கே நீங்கள் விருந்து வைத்துச் சேர்த்து அனுப்பிய காசில் எங்கள் நற்பணி மன்றம் சந்திக் கிணற்றைத் துப்புரவாக்கியது. இவர் பார்த்த செயலாளர் வேலை இப்போது என் தலையில்தானே. தலைவர் கனகசபை அண்ணை மடிப்புக் குலையாத வேட்டியோடு வந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "ஆழமாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். மற்றவர்கள் போட்டிருந்த சேட்டுகளைக் கழற்றிப் பூவரசங் கொப்பில் கொழுவிவிட்டு இறங்கினார்கள். நான் குடையோடு கிணற்றுக்கட்டில் நின்று கத்திக் கத்தி வேலை வாங்கினேன்.

வேலை முடிந்து எல்லாரும் உடுத்துக்கொண்டு போன பிறகு கொப்பில் ஒரு சேட்டு மிஞ்சிக் கிடந்தது. நீலக் கோடு போட்டது. ஒருவரும் வெறும் மேலோடு போகவில்லை. வாசிகசாலையில் சொல்லி வைத்தேன், வீடு வீடாகவும் கேட்டேன். யாருடையதும் இல்லையாம். எனக்கென்று வைத்த தேத்தண்ணியையும் யாரோ குடித்துவிட்டுப் பனங்கட்டியைப் பாதி கடித்து வைத்திருந்தார்கள்.

மாடு சப்பிவிடும் என்று சேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து தோய்த்தேன். ஒரு தெறி அறுந்து, பொத்தான் ஓட்டை சும்மா கிடந்தது. கடையில் வெள்ளை நூல் இல்லாததால் சிவப்பு நூலால் புதிதாக ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
மீனலோசனி


பேர்ண்,
22.4.1990

அன்புத் தங்கச்சி மீனா,

உன் கடிதத்தை ட்ராமில் வாசித்து, இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

யாரோ ஒருவனின் சேட்டுக்குத் தெறி தைக்கிற ஆள் நீ இல்லை. என்னுடையதற்கே ஒரு நாளும் தைத்துத் தந்ததில்லை. பனங்கட்டியைப் பாதி கடித்து மற்றப் பாதியை உனக்கு வைக்கிறவன் உன் புருசன், என் மச்சான் சிவபாதம் ஒருவன்தான். ஆனால் அவன் மன்றத்துக் கண் முகாமுக்கென்று மூக்குக்கண்ணாடிப் பெட்டியோடு நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறி இரண்டு வருடமாகிறது. அந்த வள்ளம் கரை சேரவில்லை என்பது உனக்கும் தெரியும். யாரோ உன்னோடு விளையாடுகிறார்கள். அந்தச் சேட்டு யாருடையது? உண்மையைச் சொல்.

கோபிக்காதே, அவனுக்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்துவிட்டு இங்கே வந்துவிடு. அலுவலை நான் பார்க்கிறேன். திரும்பவும் சண்டை தொடங்கும் என்றுதான் இங்கே கதை. எனக்கு நீ ஒருத்திதானே இருக்கிறாய்.

அண்ணா,
குலசிங்கம்


இறுப்பிட்டி,
10.12.1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

தபால் ஓடாதபடியால் பதில் பிந்திவிட்டது. நீங்கள் கேட்ட உண்மை இதுதான். அது இவருடைய சேட்டு. கொப்பில் கண்டவுடனேயே எனக்குத் தெரியும், வேறு யாருடையதும் இல்லை என்று நிச்சயப்படுத்தத்தான் வீடு வீடாகக் கேட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் வள்ளம் ஏறினவர்.

போன கிழமை, அகதிகளாக வந்த சனத்துக்கு மன்றம் கொட்டில் போட்டது. இருட்டியதால் பாதி வேய்ந்தபடி விட்டுவிட்டு வந்தோம். விடியப் போய்ப் பார்த்தால் மற்றப் பாதியும் வேய்ந்து கிடந்தது. முடிச்செல்லாம் இடக்கைக்காரன் போட்ட முடிச்சு. கனகசபை அண்ணை அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, இது சிவபாதத்தின்ரை கட்டு. நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். அன்றிலிருந்து மனுசன் கதிரையில் இருப்பதில்லை, தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓலை சுமக்கிறார்.

எனக்குப் பயமில்லை அண்ணா, கோபம்தான். மன்றத்து வேலை என்றால் வருகிறவர், வீட்டுப் படலையைத் திறக்கிறார் இல்லை. இரவெல்லாம் படலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

கிரியை செய்யமாட்டேன். சேட்டைக் கொழுவினவர் தானே வந்து எடுக்க வேண்டும். எடுத்தால் நான் உங்களிடம் வருகிறேன். இது சத்தியம்.

மீனலோசனி


இறுப்பிட்டி,
16.10.1991

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொழும்புக்குப் போகும் ஞானசவுந்தரி ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். படை வருகிறதென்று ஊரே கிளம்பிவிட்டது. நடக்க ஏலாதவர்களைச் சந்தியில் கூட்டித் துறைக்குக் கொண்டுபோவதுதான் மன்றத்தின் கடைசி வேலை.

காலையில் சேட்டை நானே பூவரசில் கொழுவினேன். பக்கத்தில் தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் சேட்டு இல்லை. பாதிப் பனங்கட்டி இருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சந்தோசமாக இருக்கிறது அண்ணா. சொன்ன சொல் மாறமாட்டேன். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசி வள்ளத்தில் குடையோடு வெளிக்கிடுகிறேன்.

மீனலோசனி


பேர்ண்,
10.2.1992

மீனா,

கடைசி வள்ளம் கரை சேரவில்லை என்று ஞானசவுந்தரி ரீச்சர் எழுதியிருந்தா. நான் நம்பவில்லை. நீ எங்கேயோ ஒரு முகாமில் ஆட்களை அதட்டிக்கொண்டு நிற்பாய் என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன்.

நேற்று மத்தியானம், இடம்பெயர்ந்த எங்கள் ஊர்ச் சனத்துக்காகத் தேவாலய மண்டபத்தில் விருந்து வைத்துக் காசு சேர்த்தோம். வெளியில் பனி. வந்தவர்கள் கோட்டுகளை வாசல் கொழுக்கிகளில் கொழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். சாப்பாடு முடிந்து நான் குசினிக்குள் போனபோது சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆளுக்காள் மற்றவர் செய்த வேலை என்று நினைத்தோம்.

எல்லாரும் கோட்டை எடுத்துக்கொண்டு போனபிறகு கொழுக்கியில் ஒரு சேட்டு மிஞ்சிக் கிடந்தது. நீலக் கோடு. தெறியைப் பார்க்கத் துணிவில்லை, ஆனாலும் பார்த்தேன். சிவப்பு நூல். அதே கொழுக்கியில் உன் பச்சைக் குடை. இரண்டிலிருந்தும் நிலத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

வருகிறேன் என்றாய், வந்துவிட்டாய். மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். நான் பக்கத்து அறையில் நின்று விகடம் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இனி உன்னைக் காண ஏலாது என்று அந்தக் கொழுக்கிக்குக் கீழே இருந்து அழுதேன்.

கிரியையைச் செய் என்று உனக்கு எழுதினவன் நான். இப்போது என்னாலும் ஏலாது. உன் கோபமும் இன்றைக்குத்தான் விளங்குகிறது.

இதை எந்த விலாசத்துக்குப் போடுவது? சேட்டையும் குடையையும் என் வீட்டு வாசலில் கொழுவி, இந்தக் கடிதத்தை மடித்துக் குடைக்குள் வைக்கிறேன். தேத்தண்ணி வைத்திருக்கிறேன். இங்கே பனங்கட்டி கிடையாது, சீனிதான். கதவைப் பூட்டவில்லை. மன்றத்து வேலைக்கு மட்டும் வந்து போகாமல், இரண்டு பேரும் ஒருக்கால் வீட்டுக்கும் வாருங்கோ.

அண்ணா,
குலசிங்கம்