மலையேறாத காருக்கு முதல் மாலை

அனுப்புநர்:
செ. அப்பாசாமி (ஏழாம் வகுப்பு வரை முதல் மாணவன்),
த/பெ சென்றாயன்,
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், கொல்லிமலை.

பொருள்: மஸ்கட்டில் நிற்கும் பழைய காரின் படத்துக்கு ஆடித் திருவிழாவில் முதல் மாலை போடுவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவன்று வண்டிகளுக்குப் பூசை நடக்கும். முதலில் நிற்கும் வண்டிக்கு முதல் மாலை, சொந்தக்காரருக்குப் பரிவட்டம். பதினான்கு வருடமாக அந்த இடம் எனது ஜீப்புக்கே. எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே கியரில் ஏறிய ஜீப் அது. ஒருமுறை நின்றுபோன பஸ்ஸையும் பயணிகளோடு இழுத்து வந்தது. சாட்சிகள் உண்டு, தற்சமயம் ஊரில் இல்லை.

2. என் தங்கை பாவாயியின் கணவர் சின்னையன். இவர்கள் மகன் பிரவீன் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே வெளிநாட்டுக்காரன் கார் வாங்குவது லேசில்லை. குடியிருப்பு அட்டை, அந்த நாட்டு லைசென்ஸ் எல்லாம் வேண்டும். தேர்வில் மூன்று முறை தோற்றவன், நான் செல்போனில் கிளட்ச் விடும் பக்குவம் சொன்ன பிறகே தேறினான். பிறகு அவன் வாங்கிய காரின் முதல் போட்டோவும் எனக்குத்தான் வந்தது. "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க மாமா" என்று எழுதியிருந்தான். பாதிப் பெருமை எனக்குச் சேரவேண்டியது.

3. அது புதுக் காரும் அல்ல. ஊர் திரும்பிய ஒருவர் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்றது. டயர் சரியில்லை என்று பரிசோதனையில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டது. ஸ்டியரிங் வேறு இடது பக்கம். இவற்றை மறைத்து மச்சான் சின்னையன் அந்தக் காரின் படத்தைப் பத்தடிக்குப் பேனர் அடித்துள்ளார்.

4. திருவிழாவுக்கு முன்னோட்டம் என்று சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பேனரைக் கோயில் முன் நிறுத்தி, படத்துச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். படம் எப்படி உருளும்? மச்சான் தம் குதிகாலால் மிதித்து நசுக்கினார். ஊரே கைதட்டியது. என் மனைவி மயிலம்மாளும் தட்டினாள் என்பதை வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். "ஏனுங்க மச்சான், உங்க ஜீப்பு தானா வருமுங்களா, தள்ளிக்கிட்டு வரோணுமுங்களா?" என்று அவர் கேட்க, பூசாரி செல்லமுத்து, "விடுங்க சாமி, ரெண்டாவது மாலை அவருக்குத்தான்" என்றார். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. எனக்குப் பொறாமை என்கிறார்கள். துளியும் இல்லை. ஏறாத வண்டிக்கு மாலை என்றால் ஏறின வண்டிக்கு என்ன மதிப்பு?

ஆகவே, தன் சக்கரத்தால் எலுமிச்சை நசுக்கும் வண்டிக்கே மாலை என்று தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். எனது ஜீப் எட்டு மாதமாகச் சேந்தமங்கலம் ஒர்க்‌ஷாப்பில், இன்ஜின் வேறு பாடி வேறாக இருப்பதால், உத்தரவை அடுத்த வருடத்திலிருந்து அமல்படுத்தவும். இந்த வருடம் மட்டும் என் ஜீப்பின் படத்துக்கும் அனுமதி தந்து, பேனர் பதினோரு அடி இருக்கலாம் என்று எழுதித் தரவும்.

இடம்: கொல்லிமலை
நாள்: 10.07.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
செ. அப்பாசாமி

இணைப்பு: ஜீப் படம் ஒன்று (ஓடிய காலத்தில் எடுத்தது. முன் சீட்டில் என் மடியில் இருக்கும் குழந்தை பிரவீன்).