வெளிச்சத்தில் குறை இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், புது வீட்டுத் தண்ணீரும் காற்றும் உங்கள் இருவருக்கும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதப் போனேன், பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. அந்த ஒரு வார்த்தையைக் கடைசியில் எழுதிக்கொள்கிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, காலை மடக்கி அரை மணிக்கு மேல் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நீட்டி உட்கார எனக்கு யார் சிம்மாசனம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை விடு. போனில் பேசும்போதெல்லாம், வண்டில கொஞ்சம் வேலை ஓடுது பாப்பா என்று அப்பா உன்னிடம் சொல்கிறாரே, அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நினைப்பாய். சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாக எழுதுகிறேன், பாதியில் எழுந்து போகாமல் படி.

நீ கல்லூரிக்குப் போய் வந்த அதே பழைய கார்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், லைட்டெல்லாம் மங்கிப் போச்சு என்று ஆரம்பித்தார். பல்பை மாற்றினார். இரண்டு வாரம் போனதும் விளக்கின் கண்ணாடி பழுத்துவிட்டது என்று அதையும் மாற்றினார். அதுவும் போதாமல் முன்னால் தட்டு மாதிரி இரண்டு பெரிய விளக்குகள் வாங்கி மாட்டினார். அந்த இரண்டும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டன, காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் வருமே தவிர வண்டி அசையாது, பக்கத்து வீட்டு வக்கீல் கறுப்புக் கோட்டோடு வந்து தள்ளிவிட்டார். அப்புறம்தான் மின்னலைக் கூப்பிட்டோம். கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர், இதோ வரேன் என்று சொன்னால் மூன்றாம் நாள் வருவார், அதனால்தான் அந்தப் பெயர். அவர் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பேட்டரி மேல தப்பில்ல ஐயா, என்ஜின் ஓடறப்போ அதுக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் அந்தக் காலத்து சின்ன சைஸு, சொட்டுச் சொட்டா வர்ற குழாயில அண்டாவை நிரப்பச் சொன்னா எப்படி என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். காரில்தான் குறை என்று ஒருவர் சொல்லிவிட்டாரே.

வேறொரு பெரிய வண்டியின் ஆல்டர்னேட்டரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அது உட்கார மறுத்தது, அதைப் பிடிக்கிற தாங்கியை அரத்தால் ராவ வேண்டியிருந்தது, பெல்ட் எட்டவில்லை, நீள பெல்ட்டாகப் போட வேண்டியிருந்தது. வயரையும் தடிமனா மாத்தியே ஆகணும், பழசு இந்தக் கரண்டைத் தாங்காது, சூடேறி உருகிடும் என்று மின்னல் சொல்ல, அதையும் அப்பாவே கூட நின்று மாற்ற வைத்தார். மூன்று நாள் வேலை. வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நானும் கூடப் போயிருந்தேன், மின்னலின் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற செங்கல் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். என்ன வெளிச்சம் என்கிறாய், செங்கலுக்கு நடுவில் எறும்பு ஊர்வது எனக்குத் தெரிந்தது. அப்பா சுவரைப் பார்த்தபடியே, பரவாயில்ல, ஆனா இன்னும் கொஞ்சம் பத்தல என்றார். சொல்லிக்கொண்டே நாலு அடி முன்னால் நடந்தார். அவருடைய இடது பக்கம், அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில், மின்னலின் தகரப் பெட்டி இருந்தது. சிவப்புப் பெட்டி, பாப்பா. அதில் தடுக்கி அப்படியே குப்புற விழுந்தார். எழுந்து தட்டிக்கொண்டு, பெட்டியை இப்படியா நடுவுல வைப்பாங்க என்று சத்தம் போட்டார். மின்னல் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கிளம்பும்போது என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, அம்மா, வெளிச்சத்துல குறை இல்ல என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் எதிரே வந்த லாரிக்காரர், எங்க கண்ணை அவிச்சிடாதய்யா என்று கத்திக்கொண்டே போனார், அப்பா என்னிடம், பக்கத்துல எவனாவது போனானா என்று கேட்டார்.

கெஞ்சிக் கூத்தாடிக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறதாம். இரண்டு பக்கமும் ஏற்கெனவே போய்விட்டது, நடுவில் மட்டும்தான் பார்வை மிச்சம், போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, இனிமேல் ஓட்டவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வெளியே வந்ததும் அப்பா, அவருக்கென்ன, வீட்டுலயே உக்காருன்னு சொல்றதுக்கா படிச்சாரு என்றார். சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுகிறார், அது ஒன்றுதான் ஆறுதல். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பசங்க கிட்ட இதைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லு என்றார். நானும் சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான். சொன்னால் அவர் தலைக்கு ஆகாது, சொல்லாவிட்டால் ரோட்டில் ஆகாது, நான் என்ன செய்வேன் சொல். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், பேனாவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. இது செல்லுமா செல்லாதா என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். ஒரு வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போகிறேன். அதோ அந்த சைக்கிள்காரர் சட்டையைப் பாருங்க, இந்த நாய்க்குக் கொழுப்பைப் பாருங்க, ஸ்கூல் விட்டுட்டாங்க போலிருக்கே, இப்படி. சும்மா வரமாட்டியா என்று எரிந்து விழுவார், ஆனால் கை அதற்கேற்ப ஸ்டியரிங்கைத் திருப்பும். நான் பேசுவதால்தான் ஓட்டுகிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் முதலில் தெரியாது. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லையே, அதுதான் என் பாவம். நான் வாயை மூடியிருந்தால் அவர் என்றைக்கோ ஒரு சுவரில் மெதுவாக இடித்து, பயந்து, சாவியைத் தூக்கிப் போட்டிருப்பார். என் கால் வீங்கிப் படுத்திருந்த வாரம் தனியாகக் கடைக்குப் போய் வந்தார், கேட்டுத் தூணில் இடது பக்கம் முழுக்க உரசி வைத்திருக்கிறார். தூண்தானே என்கிறார். அந்த இடத்தில்தான் வக்கீலின் பேத்தி தினமும் பள்ளி வேனுக்கு நிற்கிறாள்.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று தபாலில் போட்டால் மூன்று நாளில் உனக்குக் கிடைக்கும், நீ எதையாவது சாக்குச் சொல்லி அவரை அங்கே வரவிடாமல் நிறுத்துவாய் என்று நினைத்தேன். போன மாதம் நீ விளையாட்டாக, எல்லாரும் வந்து வீட்டைப் பாத்துட்டாங்க, நீங்க மட்டும்தான் வரலப்பா என்றாயே, அன்றிலிருந்து அதே நினைப்புத்தான் அவருக்கு. உன்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்றவர், இன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்து, நாளைக்கு விடியக்காலம் கிளம்பறேன், சொல்லாம போய் நின்னாத்தான் சந்தோஷப்படுவா என்றார். பஸ்ஸில் போகலாம் என்றேன், இவ்வளவு செஞ்சு வச்சது பஸ்ல போகவா என்கிறார். சாவியை ஒளித்து வைத்தேன், இன்னொரு சாவி பனியன் பையிலிருந்து வருகிறது. இருட்டுவதற்குள் உன் வாசலில் இருப்பாராம். அவருக்கு இப்போதெல்லாம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, அது அவருக்குத் தெரியாது. வாசலில் மூடியைத் திறந்து வைத்து பெல்ட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சீட்டியடிக்கிறார், அந்தச் சீட்டியைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நானும் வருகிறேன். காலுக்கு என்ன, வீங்கினால் மாத்திரை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசுவேன், தொண்டை கட்டுகிறவரை பேசுவேன். இந்தக் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, கை கால் கழுவப் போகிற சாக்கில் உன் கையில் திணிப்பேன். படித்துவிட்டு அழாதே, அவரைத் திட்டவும் செய்யாதே, நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா, இந்தக் காரை எனக்குக் குடுத்துடுங்கப்பா என்று கேள். இவ்வளவு வெளிச்சமான கார் இந்த ஊரிலேயே இல்லை என்று சொல்லிக் கேள். வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார், நீ கேட்டு அவர் இல்லை என்றதை நான் பார்த்ததில்லை. கொடுத்துவிட்டு ஒரு வாரம் பெருமை பேசுவார், பேசட்டும். நாங்கள் பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறோம். இரண்டு சாவியையும் கேட்டு வாங்க மறந்துவிடாதே.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும், உங்கள் வீட்டில் எந்த விளக்கும் மங்காமல் இருக்க வேண்டும். முதலில் எழுதாமல் விட்ட வார்த்தையை இப்போது எழுதிவிடுகிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால், நாங்கள் இருவரும் நலம்.

இப்படிக்கு,
உன் அம்மா