துறைமுகத்துக்கு ஒரு மடக்கு

7-3-78, செவ்வாய்

இன்றும் இம்புட்டு நேரம் கழித்துத்தான் உன்னைத் திறக்கிறேன், மன்னித்துக்கொள். சாம்பு இப்போதுதான் கண் அசந்தான். நாலு வயதுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. டாக்டரைக் கூப்பிடலாம் என்றேன். என் மாமியார், "ஆத்தா எறங்கியிருக்கா. ஊசி கீசின்னு வாயெடுக்காத பாகீரதி" என்றார்கள். பி.எஸ்ஸி. விலங்கியல் படித்து என்ன புண்ணியம்?

8-3-78

வாய்க்குள்ளும் கொப்புளம். தண்ணீரைத் துப்புகிறான்.

9-3-78

அத்தைக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் பசுமலையில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர்தான் முக்கியமாம். நாளை சாயந்திரத்துக்குள் குடித்து, ஒன்றுக்குப் போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டுமாம். அத்தை விடுவார்களா? இவர்தான் அம்மாவை எதிர்த்து வாய் திறப்பாரா? ஐயோ, நாக்கு காஞ்சு கெடக்கே என் புள்ளைக்கு—

10-3-78

காலையில் முனகினான். "கப்பல் எங்கம்மா போச்சு?"

வாரப் பத்திரிகையில் வரும் 'கீழ்த்திசைக் கலம்' தொடரைத்தான் கேட்கிறான். காயலிலிருந்து சீனத்துக்குப் போகும் பாண்டியன் கப்பல். சீனத்து ராஜாவுக்குப் பரிசாக ஒரு யானைக்குட்டியும் அதில் போகிறது. வாராவாரம் படித்து அவனுக்குச் சொல்வேன். இப்போது கதையா என்று தயங்கினேன். நான் பத்திரிகையைத் தொட்டாலே முகம் சுளிக்கும் அத்தை சொன்னார்கள்:

"கேக்குறது அவனில்ல, ஆத்தா. கேட்டத இல்லேங்கக் கூடாது. சொல்லு."

சொன்னேன். துறைமுகத்தில் யானைக்குட்டி தண்ணீர் குடித்தால்தான் நங்கூரம் எடுப்பார்கள். நீ குடித்தால்தான் அது குடிக்கும். ஒரு மடக்கு இறங்கியது. நாகப்பட்டினம், கடாரம், சாவகம்... எனக்குத் தெரிந்த ஊரெல்லாம் தீர்ந்துபோயிற்று. நான் விழிக்கிறேன், அத்தை பின்னாலிருந்து, "திருச்செந்தூர்ல நிறுத்து. நாழிக்கிணறு இருக்குல்ல?"

"சாவகத்துக்கு அப்புறம் திருச்செந்தூரா அத்தை?"

"தாகத்துல கெடக்குற ஆனைக்குத் திசையா தெரியும்?"

நிறுத்தினேன். குடித்தான். பிறகு பழனி, வாடிப்பட்டி எல்லாம் துறைமுகமாயின. "வாடிப்பட்டிக்கு அப்பா பஸ்ல தான போறாரு?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் குடித்தான்.

மூன்று மணிக்கு ஒன்றுக்குப் போனான். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

11-3-78, சனி

பக்கத்து வீட்டு மைதீன் பீவி தெருவில் நின்றபடியே புது இதழை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினாள். "திருப்பித் தர வேணாம்க்கா, அம்ம கண்ட வீட்டுல இருந்து எதுவும் வாங்கக் கூடாது. ஆனா இந்த வாரத்தப் புள்ளைக்கு வாசிச்சுறாதீங்க."

புயல். கப்பலின் பாரம் குறைக்க யானைக்குட்டியைக் கடலில் தள்ளிவிட்டார்கள். அத்தோடு 'தொடரும்'.

சாம்பு கையில் தம்ளரோடு காத்திருக்கிறான். "ஆனை என்னம்மா பண்ணுது?"

"நீந்துதுடா."

பொய்யா? யானை நன்றாக நீந்தும். அம்புட்டும் மறந்த படிப்பில் அது ஒன்று மிச்சம் இருந்தது. ஆனால் கரை எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அத்தை அடுப்படியில் பொருமுகிறார்கள். "எழுதுனவன் புள்ள பெத்தவனா? வெளங்குவானா?"

14-3-78

முத்து இறங்குகிறது. யானை இன்னும் நீந்துகிறது.

17-3-78, வெள்ளி

வேப்பிலைத் தண்ணீரை வெயிலில் காயவைத்து, சாம்புவுக்குத் தலைக்கு ஊற்றியாயிற்று. தொட்டிக்குள் இறங்கிக் கையைத் துதிக்கையாக்கி எங்கள் மேல் பீய்ச்சினான். அத்தை நனைந்த சேலையோடு போய், சாமி மாடத்திலிருந்து ஒரு கார்டை எடுத்துவந்து நீட்டினார்கள். "அந்தக் கதைக்காரனுக்கு எழுது. நாஞ் சொன்னேன்னும் போடு."

எழுதியது:

'ஐயா, யானைக்குட்டியைத் தள்ளியதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், மூழ்கியதாக எழுதவில்லை. அது நீந்துகிறது என்று என் மகனிடம் சொல்லிவிட்டேன். அந்த யானைக்குட்டிக்காகத்தான் தண்ணீர் குடித்துப் பிழைத்தான். எங்காவது கரையேற்றுங்கள். திருச்செந்தூர் என்றால் நல்லது என்கிறார்கள் என் மாமியார். அவன் தினமும் கேட்கிறான். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.'