கோலுக்கு இரண்டு விரல் கீழே

கழுகுப்பாறைத் தோட்டம், பெரகல
1922 மார்ச் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவம்மா எழுதுகிறேன். அம்மாவும் நானும் வள்ளியும் சுகம். போன மாதம் முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால் வந்ததா என்று கேட்டுவர அம்மா என்னை ஆபீஸ் வாசலுக்கு விரட்டுகிறது. எனக்கு அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பிள்ளைகளை அளந்தார்கள். நம் லயத்து வீடுகளில் யாருக்கும் பிறந்த தேதி நிச்சயமாகத் தெரியாது, அதனால் வீரய்யா கங்காணியின் கோல் சொல்வதுதான் வயசு. கோலில் நாலடிக்குப் போட்டிருக்கும் வெட்டுக் குறியைத் தலை தொட்டால் வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார்கள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை, தேயிலைக் கொழுந்துக் கூடைதான். என்னையும் அப்படித்தானே நிறுத்தினார்கள்.

வள்ளியின் தலை வெட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. போன தீபாவளிக்கும் அதே இரண்டு விரல்தான்! கங்காணி என்னைப் பார்த்து, "ஏ வடிவு, நீ பத்து வயசுல கமுகு மரமாட்டம் நின்னே. ஓந் தங்கச்சிய மட்டும் தலையில கல்ல வச்சா வளக்கிற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

தம்பையா வாத்தியார் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். தை மாதப் பரீட்சையில் தேறினால் வள்ளியைப் பதுளையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாராம். அங்கே போன பிள்ளையைக் கோல் தொடாது. நடுவில் தீபாவளி அளவு ஒன்றுதான் இருக்கிறது. அதுவரை அவள் வளராமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அன்பை மறவாத,
வடிவம்மா

*

ஹாலிஎல, ரயில் பாதை முகாம்
1922 மார்ச் 26

அன்புத் தங்கச்சி வடிவுக்கு,

மண் சரிந்து பாதையை மறுபடி அளக்கவேண்டி வந்துவிட்டது. அதுதான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

என் வேலை என்னவென்று வள்ளிக்குச் சொல். பதினாலடி அளவுப் பலகையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதுதான். சர்வே துரை தூரத்திலிருந்து குழாய் வழியாகப் பார்த்து எண்ணை வாசிப்பார். நான் கொஞ்சம் சாய்ந்தால் மலையின் உயரமே தப்பாகிவிடும். துரைக்கு வரும் தமிழ் இரண்டே வார்த்தை: "நேரே நில்!" நாள் முழுக்க அதையே கத்துவார்.

கிழிந்துபோன அளவு நாடாவில் ஐந்தடி வெட்டி அனுப்பியிருக்கிறேன். இனி விரலால் அளக்காதே. உன் விரலும் வளருமல்லவா?

வள்ளி படிக்கட்டும். நம் வீட்டில் ஒருத்தியாவது படிக்கட்டும்.

முருகையா

*

கழுகுப்பாறைத் தோட்டம்
1922 மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நாடா பத்திரமாக வந்தது. கதவு நிலையில் வெட்டின் உயரத்துக்கு ஒரு கோடு கீறிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் வள்ளி அங்கே போய் நின்று, "நேரே நில்!" என்று தனக்குத் தானே கத்திக்கொள்கிறாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றடி பத்தே முக்கால் அங்குலம். ஒரு நூல்கூட ஏறவில்லை, அண்ணா!

ஆனால் பிள்ளை சோம்பேறியாகிவிட்டது. முன்பெல்லாம் பள்ளிக்கூட மேட்டில் எல்லாருக்கும் முன்னால் ஓடுவாள். இப்போது நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறாள். வகுப்பில் தூங்குகிறாளாம், வாத்தியார் காதைத் திருகினாராம். போதாததற்கு லயத்துச் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்கிறாள். அடித்துக் கேட்டால், "வாய்க்கு நல்லாருக்கு அக்கா" என்கிறாள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கருப்பம்மா அக்கா, "வெயில் படாம நெழல்ல குந்திப் படிக்குதுல்ல, அதான் ஓந் தங்கச்சி வெளுத்துட்டா. தொரசாணியாட்டம் ஆயிருவா பாரு" என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

வடிவம்மா

*

ஹாலிஎல
1922 ஜூன் 1

வடிவு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். வெளுத்துவிட்டாள், மண் தின்கிறாள், மேட்டில் ஏற முடியவில்லை, வளரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதியிருக்கிறாய். சேர்த்து வாசித்துப் பார்.

எங்கள் முகாமில் ஒருத்தர் இப்படித்தான் வெளுத்துக்கொண்டே போனார். வயிற்றில் புழு இருந்து ரத்தத்தைக் குடிக்கிறதாம். ஒருநாள் அளவுச் சங்கிலியைத் தூக்க முடியாமல் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

இதைக் கண்டவுடன் பிள்ளையைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கோலை மறந்துவிடு. உன்னை நான் திட்டவில்லை. நாடா அனுப்பியவன் நான்தானே.

முருகையா

*

கழுகுப்பாறைத் தோட்டம்
1922 ஆகஸ்ட் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

கவலைப்படாதீர்கள், வள்ளி தேறிவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் இப்போதுதான் எழுத முடிகிறது.

டாக்டர் ஐயா அவள் விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தத்தை ஒற்றுத்தாளில் எடுத்தார். அவரிடம் ஓர் அட்டை இருக்கிறது. அதில் வெளிர் சிவப்பிலிருந்து நல்ல சிவப்புவரை வரிசையாக நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நல்ல சிவப்புக்கு நூறு. வள்ளியின் துளி முப்பதுக்குப் பக்கத்தில் நின்றது. ரத்தத்தைக்கூட அளக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

"எவ்வளவு நாளா இப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"அவ குள்ளமுங்க" என்றேன்.

ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். "குள்ளமில்ல தங்கச்சி. வளர ரத்தம் இல்ல."

புழு மருந்து அப்படி நாறியது. "இதுக்கு அந்த மண்ணே தேவல" என்று வள்ளி வாந்தி எடுத்துக்கொண்டே சொன்னாள். இப்போது மண்ணைத் தொடுவதில்லை. அட்டையில் அறுபத்தைந்துக்கு வந்துவிட்டாள். மேட்டில் மறுபடி ஓடுகிறாள்.

அரை அங்குலம் வளர்ந்தும்விட்டாள். கோட்டுக்கு இன்னும் முக்கால் அங்குலம்தான் இருக்கிறது. சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் என்ன என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது, அண்ணா. தோன்றியதும் பயந்துபோய் இன்னோர் அகப்பை போட்டேன்.

அளக்கும்போது முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லட்டுமா? பாவாடை மறைத்துவிடும். பாவமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

வடிவம்மா

*

ஹாலிஎல
1922 செப்டெம்பர் 10

அன்புத் தங்கச்சிக்கு,

மடக்கி நிற்கச் சொல். நாள் முழுக்கப் பலகையை நேராகப் பிடிக்கிறவன்தான் சொல்கிறேன். தைவரைக்கும் ஒரே ஒரு தடவை. தீபாவளிக்குப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன். காலை மூடும்படி நீளமாகத் தை. துரையிடம் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

முருகையா

*

கழுகுப்பாறைத் தோட்டம்
1922 நவம்பர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

துணி நல்ல நீலம். தரையைத் தொடும்படி தைத்தேன். தினமும் கதவு நிலையில் நிறுத்திப் பழக்கினேன். வெளியே ஒன்றும் தெரியாமல் மடங்க வள்ளி நன்றாகப் பழகிவிட்டாள்.

அளக்கிற அன்று அவள் முறை வந்தது. கோலடியில் போய் மடங்கித்தான் நின்றாள். கங்காணி கோலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அட, நம்ம குள்ளத்தியா இது? கன்னமெல்லாம் செவந்து போச்சே! நீ பொழைக்க மாட்டேன்னுல்ல நெனச்சேன். எங்க தாயி, நல்லா நில்லு, பாப்போம்!"

அவர் அதை மனசாரத்தான் சொன்னார், அண்ணா. வள்ளி சிரித்தாள். உதடு அசைவதைப் பார்த்தேன், "நேரே நில்" என்றுதான் சொல்லியிருப்பாள். வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முழங்காலை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, நெஞ்சை விரித்துக்கொண்டு நின்றாள். தலை வெட்டுக்கு ஒரு நூல் மேலே போயிற்று.

"ஏண்டி நிமிந்தே?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நல்லாயிட்டேன்னு அவருக்குக் காட்டணும்னு தோணிச்சுக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள்.

தம்பையா வாத்தியார் தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் போய்த் தைவரைக்கும் தவணை கேட்டார். பேர் பதிந்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது என் பக்கத்து நிரையில்தான் வள்ளி கொழுந்து எடுக்கிறாள். கூடைக் கயிறு அவளுக்கு நீளம், முடிச்சுப் போட்டுக் குறைத்திருக்கிறேன். மழைக்கு நனையாமல் நீலப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொள்கிறாள். என்னைவிட வேகமாக மேட்டில் ஏறுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை அவளே நாடாவை எடுத்துவந்து, "அளந்து பாருக்கா" என்று நிலையில் சாய்ந்து நின்றாள். நாலடி கால் அங்குலம். பிள்ளை நன்றாக வளர்கிறது, அண்ணா.

இனி அளக்க எனக்கு மனசில்லை, நாடாவை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வள்ளி கேட்டால், உங்கள் சர்வே துரை திருப்பிக் கேட்டார் என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
வடிவம்மா