முதலாளியின் சூட்டுக்கோல்

அபூரே ஆற்றங்கரை, 1871

அன்பான அம்மா கசிமிராவுக்கு, மகன் எலெயுத்தேரியோ வணங்கி எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். கொல்லுப்பட்டறையில் வேலைக்குக் குறைச்சல் இல்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். முதலாளியின் மாடுகளுக்கு அவர் அடையாளத்தைச் சூடு போடப் புது இரும்புக் கோல் அடித்துக் கொடுத்தேன். போன வாரம் ஆற்றின் உங்கள் பக்கம் மேய்ந்த மாடுகளை ஓட்டி வந்தார்கள். அதில் நீங்கள் தேடும் நம் வெள்ளைச்சியும் நின்றாள். என் கையை நக்கினாள்.

"இது எங்கம்மா மாடுங்க" என்றேன்.

கங்காணி நிக்காசியோ சிரித்தான். "சூடு இல்லாத மாடெல்லாம் முதலாளி மாடுதான்டா. நீ அடிச்ச கோலுதானே, நீயே வையி."

கோலைச் சற்று ஆறவிட்டு அவள்மேல் வைத்தேன். மயிர் மட்டும் கருகினால் மழைக்காலத்தில் முளைத்து மூடிவிடும். அவன் கோல்மேல் துப்பிப் பார்த்தான். சுர்ரென்று சத்தம் வரவில்லை.

"யாருகிட்ட வேலையக் காட்டுற? மறுபடி காய்ச்சுடா!"

இரண்டாம் முறை நன்றாகப் பதிந்தது. ஒரு கோடுகூடப் பிசகவில்லை என்று எல்லோரும் என் கைவேலையை மெச்சினார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். இனி சாயங்காலம் கரையில் நின்று அவளைக் கூப்பிட வேண்டாம். கொட்டிலில் சும்மா கிடக்கும் அவள் கயிற்றை அவிழ்த்து இவரிடமே கொடுத்தனுப்புங்கள். இங்கே துருத்திக் கயிறு அறுந்துவிட்டது.