கணவர் வீடு, ஹாசன்

ஏப்ரல் 4
காலையிலேயே வெயில். பால் திரிந்துவிட்டது, கடுங்காபி. அரை நாள் லீவு போட்டுவிட்டு மைசூர் கார்ப்பரேஷன். இந்த மாதத்துக்குள் கட்டினால் வீட்டு வரியில் தள்ளுபடி. கவுண்ட்டரில் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா இறந்துவிட்டதால் முதலில் காத்தாவில் பெயர் மாற்ற வேண்டுமாம், அதாவது வரிப் பதிவேட்டில். வேண்டியவை: இறப்புச் சான்று, வாரிசுகளைக் காட்டும் வம்சவிருட்சம், பழைய ரசீது, போட்டோ.
அப்பாவின் ரசீதுகள் வருஷவாரியாக நூல் கட்டி இருந்தன. எனக்கு அந்த ஒழுங்கு வரவில்லை.

ஏப்ரல் 9
பெங்களூரிலிருந்து அண்ணா போன்.
"நானே எல்லாம் எழுதிட்டேன். காத்தா என் பேர்ல இருக்கட்டும். நீ ஒரு கையெழுத்து போட்டா போறும்."
"அப்போ நான்?"
"நீ பாட்டுக்கு இரேன். யார் போகச் சொன்னா?"
வாட்ஸப்பில் வம்சவிருட்சப் படிவம். என் பெயருக்கு எதிரே: திருமணமானவர். கணவர் வீடு, ஹாசன்.
விவாகரத்தாகி இருபத்திரண்டு வருஷம். அன்றிலிருந்து இந்த வீடுதான். திரும்ப போன் போட்டுக் கேட்டேன். "அப்பா கைப்பட எழுதி வெச்சிருந்தார். அதைத்தான் காபி பண்ணேன்" என்றான்.
பொய்யில்லை. தெருவில் கேட்பவர்களிடமும் அப்பா அதையேதான் சொல்வார். மாப்பிள்ளை ஹாசனில், பெண்ணுக்கு வேலை மைசூரில். எனக்கு வரும் கல்யாணப் பத்திரிகை உறைகளில் அந்த ஆள் பெயரும் சேர்ந்தே இருக்கும். நானும் வாயைத் திறந்ததில்லை.
அண்ணா மேல் வரவேண்டிய கோபம் அப்பா மேல் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 17
பல் வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு மழை.
என் ஆட்சேபத்தை விசாரிக்க ரெவின்யூ ஆள் வந்தார். முதலில் பக்கத்து வீட்டு சாவித்ரம்மாவைத்தான் கேட்டார், இந்தம்மா இங்கேயா இருக்கிறார் என்று.
"பந்து ஹோக்தாரே" என்றார் சாவித்ரம்மா. வந்து போவாராம். தினமும் காலையில் கேட்டில் நின்று என்னோடு பேசுகிறவர். முகத்தில் அவ்வளவு கரிசனம். என் மானத்தைக் காப்பாற்றுகிறார்.
கன்னடத்தில் சொன்னேன்: எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது, இருபத்திரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.
சாவித்ரம்மா கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்தபடி, "கொத்து" என்றார். தெரியுமாம். ஆரம்பத்திலிருந்தே. அப்பா மனசு நோகக்கூடாது என்று காட்டிக்கொள்ளவில்லையாம்.
ரெவின்யூ ஆள் கோர்ட் தீர்ப்பின் நகல் கேட்டார். டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. ஜெராக்ஸ் 2.

ஏப்ரல் 21
அண்ணா வந்தான். மன்னி வரவில்லை.
"அப்பா கட்டிக் காப்பாத்தினதைப் போட்டு உடைச்சுட்டியே."
"நான் எங்க இருக்கேன்னுதான் சொன்னேன்."
சாப்பிட்டான். சாத்தமுது இரண்டு தடவை. புது வம்சவிருட்சத்தில், இரண்டு பெயருக்கும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பஸ் ஏறும்போது, "கதவை நன்னாத் தாப்பாள் போட்டுக்கோ" என்றான்.

ஏப்ரல் 30
கார்ப்பரேஷன் போர்டில் நோட்டீஸ். கூட்டத்தில் முண்டி நின்று படித்தேன். அண்ணா பெயர், அடுத்து என் பெயர், விவாகரத்தானவர், இதே முகவரி. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.
ஒட்டி ஆறு நாள் ஆகிறது. கவுண்ட்டரில் கேட்டேன், இதுவரை ஒருவரும் வரவில்லையாம்.